வாசல்தோறும் நிற்கும் சாமந்தி

என் வீட்டுக்காரர் பூமாலை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண்கிற ஆள். ஒரு வாசலில் நின்று பால் ஊற்றிக்கொண்டிருப்பார். செம்பு நிறைந்து வழியும். கை நிற்காது. பார்வை கல்வராயன் மலைப் பக்கம் போயிருக்கும். "இன்னா பூமாலை, மலையில இன்னா கீது?" என்று அந்த வீட்டம்மா கேட்டால், "ஒண்ணுமில்லீங்க, மேகம் எறங்கிக்கினு கீது" என்பார். கச்சிராயபாளையத்தில் மேகம் இறங்குவதைப் பார்த்து நிற்கிற பால்காரர் இவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாலில் தண்ணீர் இறங்குவதைத்தான் பார்ப்பார்கள்.

பிறந்தது பக்கத்து வடக்கனந்தல். அப்பா அம்மா இரண்டு பேரும் கரும்பு வெட்டிப் பிழைத்தவர்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. இவரும் மீசை முளைக்கும் முன்பே வெட்டுக்கத்தியை எடுத்துவிட்டார். ஒரு காணும் பொங்கல் அன்று கரும்புச் சோகைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு ரோட்டோரம் வந்துகொண்டிருந்தாராம். எதிரே குதிரை வண்டிப் பந்தயம். கூட்டம் விசிலடிக்கிறது, மோட்டார் சைக்கிள்கள் கத்துகின்றன, நடுவில் ஒரு குதிரை வாயில் நுரை தள்ளிக்கொண்டு போகிறது. சுமையைக் கீழே போட மறந்து, வண்டிகள் எல்லாம் போய், புழுதியும் அடங்கின பிறகும் நின்றுகொண்டே இருந்தாராம்.

கல்யாணமான புதிதில் என்னிடம் அவர் பேசிய முதல் பெரிய பேச்சே இதுதான். மற்ற ஆண்கள் என்ன பேசுவார்களோ எனக்குத் தெரியாது. இவர் என் பக்கம் திரும்பிப் படுத்து, "வாணி, குதிர ஓடறப்ப ஒரு நேரம் நாலு காலும் தரையில படாது, தெரியுமா? அந்த நேரத்துக்கு அது எங்க நிக்குது?" என்று கேட்டார்.

"காலையில வேலக்கிப் போவணும், தூங்குங்க" என்றேன். என் பெயர் கோகிலவாணி. எங்கள் வீட்டில் கால் தரையில் படுகிற ஆள் நான்தான்.

கரும்பு வெட்டி இடுப்பு போன பிறகு பால் வியாபாரத்துக்கு வந்தோம். அணைக்கரைப் பக்கத்து மாட்டுக் கொட்டாய்களில் பாலைக் கறந்து வாங்கி, எக்ஸெல் வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு, எங்கள் மேட்டுத் தெரு முழுக்க ஊற்றுவார். ஒரே மகன் சரத்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ஊரான் மாட்டுப் பாலையே எத்தனை நாள் ஊற்றுவது, நமக்கென்று ஒரு கறவை மாடு வேண்டும் என்று நான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தேன். வீட்டுக்குப் பின்னால் கொட்டகைக்கு இடமும் ஒதுக்கி, கழுநீர்த் தொட்டியும் கட்டி வைத்தேன். ஆடி மாதம் அந்தியூர் சந்தைக்குப் பணத்தை மடியில் கட்டி அனுப்பினேன்.

மாடு வாங்கப் போனவர் குதிரையோடு வந்தார்.

குட்டி லாரியிலிருந்து அது இறங்கினதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. செவலை நிறம். நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. இன்னும் முழுசாய் வளராத பெண்குட்டி. பயந்துபோய் என் முந்தானையை மோந்தது. "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கினு வந்தீங்களே" என்று நான் கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "மாட்டுப் பக்கம்தான் போய்க்கினு இருந்தேன். இது என்னப் பாத்துச்சு" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அன்றைக்கு நான் சோறாக்கவில்லை. மறுநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். வலது கையை நீட்டி, "சத்தியம் பண்ணுங்க. வர்ற காணும் பொங்கலுக்கு இது பந்தயத்துல ஒழுங்கா ஓடி எல்லையத் தொடணும். ஜெயிக்கணும்னுகூட நான் சொல்லல. ஓடலன்னா அடுத்த ஆடிக்கு அந்தியூருக்கே போவட்டும். அந்த எடத்துல எனக்கு மாடு நிக்கணும்" என்றேன். என் உள்ளங்கையில் ஓங்கி அடித்தார். கை சுரீரென்றது. அந்த அடியிலேயே அவருக்கு எவ்வளவு நம்பிக்கை என்று தெரிந்தது.

குதிரைக்குச் சாமந்தி என்று அவரே பெயர் வைத்தார். கொள்ளு ஊற வைப்பது, புல் அறுப்பது, உடம்பு தேய்த்துவிடுவது எல்லாம் என் தலையில் விழுந்தது. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, குதிரையும் ஒன்றும் குறைச்சலில்லை. புரட்டாசி, ஐப்பசி முழுக்க விடியற்காலையில் வண்டி பூட்டி அணைக்கரை ரோட்டில் ஓட்டிப் பழக்கினார். பந்தயக் கூட்டத்தில் மைக் பிடிக்கிறவரும் கொடி அசைக்கிறவருமான தியாகதுருகம் நாராயணசாமி அண்ணன் ஒருநாள் வந்து பார்த்தார். புதுக்குதிரைப் பிரிவில் இவளை விடலாம் என்றார். "காத்து மாதிரி போறா தம்பி. கெடுத்துடாத" என்றார்.

கெடுத்தது நாங்கள் இல்லை. புயல்.

கார்த்திகையில் அது வந்தது. கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் வந்தது. காலையில் தொடங்கின மழை, மதியத்துக்குள் மலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் செய்துவிட்டது. அணையில் சங்கு ஊதினார்கள். குதிரைக் கொட்டகைத் தகரம் பறந்துபோய்ப் பக்கத்துத் தென்னை மரத்தில் மோதியது. சாமந்தி கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தினாள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அவிழ்த்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வீடு ஒரே அறை. டி.வி.க்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு குதிரை நின்றால் அப்புறம் மனிதர்களுக்கு எங்கே இடம்? நாங்கள் இரண்டு பேரும் அடுப்படியில் ஒண்டிக்கொண்டோம். அவள் பீரோக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைச் சத்தம் அதிகமாகும்போது மட்டும் திரும்பி, நாங்கள் இருக்கிறோமா என்று பார்ப்பாள். அவர் அவள் காலடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மூச்சின் சூட்டில் வீடே வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு அப்போதே அவள்மேல் பாசம் வந்துவிட்டது. வெளியில் சொல்லவில்லை.

மழை விட்டு வெளியே வந்தால், ஊர் ஊராக இல்லை. வயலெல்லாம் தண்ணீர். தண்ணீர் முழுக்க வானம். மலை கழுவிவிட்ட மாதிரி பக்கத்தில் வந்து நின்றது. அதன் இடுப்பில் இதுவரை பார்க்காத இடங்களிலெல்லாம் வெள்ளை வெள்ளையாய் அருவி. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை, பஸ் இல்லை. கொட்டாய்களுக்குப் போகிற தரைப்பாலம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. எக்ஸெல் வண்டி இன்ஜினுக்குள் சேறு. சத்தம் என்று ஒன்று உலகத்தில் இருந்ததா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

ஆனால் மாட்டு மடிக்குப் புயல் தெரியுமா? கொட்டாய்களில் பால் கறந்து வைத்துவிட்டு எடுக்க ஆளில்லாமல் இருந்தார்கள். இந்தப் பக்கம் பாக்கெட் பாலும் வராமல் பிள்ளைகள் அழுதன. இவர் பாலத்துப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கோணிப்பையை மடித்து, சாமந்தி முதுகில் போட்டு, இரண்டு பக்கமும் கேனைக் கட்டினார். பந்தயக் குதிரை முதுகில் பொதி ஏற்றக்கூடாது என்பது அவருக்குத் தெரியாதது இல்லை.

"மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதடா!" என்று டீக்கடை ராமசாமி அண்ணன் கரையிலிருந்து கத்தினார்.

"இது மண் குதிர இல்லண்ணா" என்று நான்தான் பதில் சொன்னேன். நானும் கூடவே இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். அவள் முதலில் காலை வைத்துப் பார்த்தாள், பிறகு நிதானமாக நடந்தாள். நான் அவள் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படித் தொடங்கினதுதான். தண்ணீர் வடிந்த பிறகும் பாலத்தின் ஒரு பக்கம் உடைந்தே கிடந்தது. வண்டி ரிப்பேருக்குப் போனது வரவில்லை. மார்கழி பாதிவரை மேட்டுத் தெருவுக்குப் பால் ஊற்றியது சாமந்திதான். விடியற்காலையில் பனிக்குள்ளிருந்து அவள் கழுத்து மணி முதலில் வரும். அப்புறம் அவள் வருவாள். அப்புறம் நாங்கள். ஒவ்வொரு வாசலிலும் நிற்பாள். கேன் மூடி திறக்கும் சத்தம், பால் விழும் சத்தம். சும்மா வாங்கிக்கொண்டு போகிற தெருவா எங்கள் தெரு? ஒரு வீட்டில் அரிசி கழுவின தண்ணீர், ஒரு வீட்டில் வாழைப்பழத் தோல், ஒரு வீட்டில் கேரட். பாதி வீடுகளில் வெல்லம். டீக்கடையில் ராமசாமி அண்ணன் முதல்நாள் மீந்த பன்னை எடுத்து வைத்திருப்பார். புயலில் கூரை போனவர்கள்கூட அவளுக்கென்று ஏதாவது வைத்திருந்தார்கள்.

தெருவின் கடைசி வீடு ஷாலினி வீடு. புருஷன் கேரளாவில் கட்டட வேலை. இரண்டு வயது முடியாத பெண்குழந்தை அபிநயாவோடு தனியாக இருந்தாள். அந்தக் குழந்தை டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கும். மணிச் சத்தம் கேட்டதும் "தாமந்தீ! தாமந்தீ!" என்று கூப்பிடும். அதற்கு "சா" வராது. சாமந்தி அங்கே மட்டும் தலையை நன்றாகத் தாழ்த்தி, குழந்தையின் வயிற்றை மூக்கால் முட்டுவாள். அது சிரிக்கும். என் மொத்த வாழ்க்கையில் ஒரு வேலையை இவ்வளவு சந்தோஷமாக நான் செய்ததில்லை. அந்த நாட்கள் நிஜமா என்றே இன்றைக்கும் சில சமயம் அவரைக் கேட்பேன். "அதத்தான் நான் அப்பயே கேட்டேன், நாலு காலும் தரையில இல்லாத நேரம்" என்பார்.

பாலம் சரியானது. எக்ஸெல் திரும்பி வந்தது. பொங்கல் நெருங்கியது. சாமந்தியைத் திரும்பவும் பந்தய வண்டியில் பூட்டினார். அணைக்கரை ரோட்டில் விட்டதும் அதே காற்றுதான். இன்னும் நெஞ்சு விரிந்து, பழையதைவிட நன்றாக ஓடினாள். தண்ணீரிலும் சேற்றிலும் நடந்ததில் கால் உரம் ஏறியிருந்தது. இவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

பந்தயப் பாதை அணைக்கரையில் தொடங்கி, எங்கள் மேட்டுத் தெரு வழியாகப் போய், வடக்கனந்தல் எல்லையில் முடியும். தெருமுனைவரை காற்றாக வந்தவள், முதல் வீட்டு வாசலில் டக்கென்று நின்றாள்.

இவர் கயிற்றைச் சுண்டினார். நாக்கைத் தட்டினார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ஏன் இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. உள்ளேயிருந்து அந்த வீட்டம்மா வந்து நெற்றியைத் தடவினதும் நகர்ந்தாள். அடுத்த வாசலில் நின்றாள். அதற்கடுத்த வாசலிலும் நின்றாள். டீக்கடையில் பன் வரும்வரை அசையவே இல்லை. கடைசியில் ஷாலினி வீட்டு வாசலில் வண்டியோடு ஏறவே பார்த்தாள். தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் அதே கதைதான். அடித்தால் ஓடுவாள் என்று சிலர் சொன்னார்கள். அவர் சாட்டையை எடுக்கவில்லை. "அவ இன்னா தப்பு பண்ணா? நாமதான நிக்கச் சொன்னோம்" என்றார்.

நாராயணசாமி அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பந்தயக் குதிரையப் பால்காரி ஆக்கிட்டியேடா! ஓடாத குதிரய யாரு வாங்குவான் தெரியுமா? செங்கல் சூளைக்காரன்தான் வாங்குவான். கல்லு இழுக்க." பிறகு தெருவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இனிமே ஒருத்தரும் வாசல்ல வச்சித் தின்னக் குடுக்காதீங்க. வண்டியில பூட்டினப்புறம் இன்னும் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ வாசல்ல தீனி குடுத்தீங்கன்னா, அதோட பந்தயத்த மறந்துடலாம். ஆயுசுக்கும் மாறாது."

செங்கல் சூளை என்ற சொல்லைக் கேட்டதும் இவர் முகம் செத்துப்போனது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சத்தியத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாயில் படுத்திருந்தது. விட்டுத்தொலைக்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் ஒரு வைராக்கியம் இருக்கிறதல்லவா? காலமெல்லாம் அவர் கனவுக்கு நான் விறகு பொறுக்கினேன். என் ஆசை ஒரே ஒரு மாடு.

கதவைச் சாத்தி வைக்கச் சொல்லிப் பார்த்தார். சாத்தின கதவுக்கு முன்னாலும் நின்றாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தமோ, இருமலோ கேட்கும். கதவு திறக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தாள். ஆனால் ஒரு வீட்டை மட்டும் நிற்காமல் தாண்டிப் போனாள். அவர்கள் சேலத்துக்குத் துக்கத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் ஆளில்லை. அதை நான்தான் கவனித்துச் சொன்னேன்.

"ஆளு இல்லாத வூட்ல நிக்க மாட்டேங்கறா."

இவர் கண் மலைப்பக்கம் போனது. போனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். "அப்படின்னா, பந்தயத்தன்னிக்கு தெருவுல ஒருத்தரும் இல்லாம இருந்தா?" என்றார். "எல்லாரும் அந்தாண்ட வடக்கனந்தல் எல்லையில போயி நின்னா?"

"பொங்கல் அன்னிக்கு வூட்டப் பூட்டிட்டு உங்க குதிரக்கிப் பின்னால வரதுக்கு இந்தத் தெருவுல எல்லாருக்கும் பைத்தியமா?" என்று கேட்டேன்.

அன்று முதல் பால் ஊற்றும்போது வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தார். நல்ல நாளும் அதுவுமாக விளக்கு வைத்த வீட்டைப் பூட்டினால் லட்சுமி வாசலோடு திரும்பிப் போய்விடும் என்று பயப்படுகிற தெரு இது. உறம்பரை, சொந்தபந்தம் என்று வீட்டுக்கு வருகிற நாள் வேறு. பால் ஊற்றின செம்பை நீட்டியபடி அவர் தயங்கித் தயங்கிக் கேட்டதைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் ஒருத்தரும் முடியாது என்று சொல்லவில்லை. தெருவிலேயே வாய் ஜாஸ்தியான குஞ்சம்மாள் அக்காதான் முதலில் சொன்னாள்: "லட்சுமி வந்தா இன்னா, கொஞ்ச நேரம் நிக்க மாட்டாளா? புயல்ல இந்தக் குதிரதான வந்துச்சு, லட்சுமியா வந்தா?" அவள் சொன்ன பிறகு மற்றவர்கள் வாய் திறப்பார்களா?

காணும் பொங்கல் காலையில் பனி கனமாக இருந்தது. அப்படியொரு காட்சியை நான் இனிப் பார்ப்பேனா தெரியாது. கோலம் போட்டு, சாணிப் பிள்ளையாரில் பூசணிப்பூ வைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மேட்டுத் தெரு மொத்தமும் வரிசையாய்ப் பனிக்குள் நடந்து போனது. ஆளாளுக்குக் கையில் வெல்லமோ கரும்புத் துண்டோ இருந்தது. ராமசாமி அண்ணன் ஒரு பை நிறையப் பன் வைத்திருந்தார். எல்லாம் எல்லையில் கொடுக்க. நாயையும் கயிறு கட்டிக் கூட்டிப்போனார்கள்.

ஒரு வீடு மட்டும் நின்றுபோனது. அபிநயாவுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். இந்தப் பனியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? ஷாலினி அழாத குறையாக, "அக்கா, நான் கதவச் சாத்திக்கினு மூச்சு விடாம இருக்கறேன்" என்றாள். நானும் அவளோடு இருந்துவிடுகிறேன் என்றேன். எல்லையில் நின்று பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. ஓடினால் என் மாடு போய்விடும். ஓடாவிட்டால் சாமந்தி போய்விடுவாள். எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கவே எனக்குத் தெரியவில்லை.

எல்லையில் எல்லோரும் கொடுத்த பிறகு நானும் ஒன்று கொடுக்கலாம் என்று ஒரு அச்சு வெல்லத்தை முந்தானையில் முடிந்திருந்தேன். கதவைச் சாத்தி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அறையின் மூலையில் உட்கார்ந்தேன். மாத்திரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஷாலினி என் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தெருவில் துளிச் சத்தமில்லை. புயல் விட்ட அந்தக் காலையைப் போலவே இருந்தது.

தூரத்தில் நாராயணசாமி அண்ணன் மைக்கில் எதையோ கத்தினார். விசில். பிறகு தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி குளம்புச் சத்தம் தொடங்கியது. எத்தனை குதிரை வந்தால் என்ன, என் கையால் கொள்ளு தின்றவளின் காலடி எனக்குத் தெரியாதா? அவள்தான் முன்னால் வந்தாள். தனியாக வந்தாள். மற்ற சத்தமெல்லாம் வெகு பின்னால் இருந்தது. தெருமுனை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் வீடு. நிற்கவில்லை. குஞ்சம்மாள் அக்கா வீடு. நிற்கவில்லை. டீக்கடை. அங்கேயும் நிற்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன். குளம்பு விழுகிறது, விழுகிறது, நடுவில் ஒரு சின்ன இடைவெளி. சத்தமே இல்லாத ஒரு நேரம். இத்தனை வருஷம் அவர் கேட்ட கேள்வி இதுதானா என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓடட்டும், என் மாடு போனால் போகட்டும், அவள் ஓடட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

குழந்தை கண் திறந்தது.

சத்தத்தைக் கேட்டது. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. காய்ச்சலில் உதடு காய்ந்திருந்தது. வாயைத் திறக்கிறது என்று தெரிந்ததும் என் கை தானாக எழுந்தது, பொத்துவதற்கு. முகத்துக்குக் கிட்டே போய் நின்றுவிட்டது. அந்தப் பிஞ்சு வாயைப் பொத்த எனக்கு மனசு வரவில்லை.

"தாமந்தீ!"

ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டது. குளம்புச் சத்தம் குழம்பி, சறுக்கி, நின்றது.

ஷாலினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். வெளியே மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாய்க் கடந்து போயின. மோட்டார் சைக்கிள்கள் போயின. கூச்சல் போனது. திரும்பவும் தெரு அமைதியானது. கதவில் மெதுவாக ஒரு முட்டு விழுந்தது. மூக்கால் முட்டுகிற முட்டு.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். சாமந்தி வேர்த்து நனைந்து நின்றாள். உடம்பிலிருந்து ஆவி எழுந்து பனியோடு கலந்துகொண்டிருந்தது. அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். கயிறு மடியில் தளர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான் எல்லை. தெரு முழுக்க அங்கே வெல்லத்தோடு நிற்கிறது.

"ஒரு தட்டு தட்டியிருந்தா போயிருப்பாளே" என்றேன்.

"பாப்பா கூப்ட்டுதே, வாணி" என்றார்.

சாமந்தி தலையைத் தாழ்த்திக் குழந்தையின் வயிற்றை முட்டினாள். குழந்தை சிரித்தது. முட்டிவிட்டு, வழக்கமாக என்ன செய்வாளோ அதைச் செய்தாள். என்னைப் பார்த்துக் காத்துக்கொண்டு நின்றாள். நாராயணசாமி அண்ணன் சொன்னது எனக்கு நினைவிருந்தது. வண்டியில் பூட்டினபடி, வாசலில் வைத்து, ஒரே ஒரு தடவை. அவரும் என் முந்தானை முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி மாதத்தை நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

முடிச்சை அவிழ்த்தேன்.

"ஆடிக்கு அந்தியூருக்குப் போவறோம்" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மாடு வாங்கத்தான். நானும் கூட வருவேன். உங்களத் தனியா உட்டா இன்னொன்னப் புடிச்சிக்கினு வருவீங்க. இவ எங்கயும் போவமாட்டா."

அவர் ஓங்கி அடித்துச் சத்தியம் பண்ணின அதே உள்ளங்கையில் வெல்லத்தை வைத்து அவளுக்கு நீட்டினேன்.